சைவ உணவகத்துக்கும் ஹலால் சான்றிதழா?

கேள்வி: கிள்ளானில் சிறிய சைவ உணவகம் நடத்துகிறேன். இறைச்சியோ மதுவோ கடைக்குள் வருவதே இல்லை. அப்படியிருந்தும் ஹலால் சான்றிதழ் பெறுவது எளிதல்ல என்கிறார்களே, ஏன்?

பதில்: ஜாக்கிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமிய சமய அமைப்புகளும் வழங்கும் இந்தச் சான்றிதழ், தட்டில் இருப்பதை மட்டுமல்லாமல் அது எங்கிருந்து வந்தது, யார் கையால் தயாரானது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. சைவம் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது இயல்புதான். ஆனால் சீஸ் தோசைக்கு வாங்கும் சீஸில் பாலை உறைய வைக்கும் நொதி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம் என்பதால், அதற்கும் ஆவணம் கேட்பார்கள். மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்து வாங்கும் மசாலைப் பொடிக்கு எந்தத் தாளைக் காட்டுவீர்கள்? தயாரிப்பாளர் பெயர் தெரிந்த, பொட்டலமிட்ட சரக்குக்கு மாறுவதே பலருக்கு முதல் செலவு.

அதைவிடக் கடினமானது ஆள் பிரச்சினை. சமையலறையில் மலேசியக் குடியுரிமை பெற்ற முழுநேர முஸ்லிம் பணியாளர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த சமையற்காரர் முஸ்லிமாகவே இருந்தாலும் இந்த நிபந்தனை நிறைவேறாது. அந்நியத் தொழிலாளர்களை நம்பியே அடுப்பு எரியும் நம் கடைகளில், உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் விலகாமல் பார்த்துக்கொள்வது எத்தனை பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பூசை மாடம். உணவு தயாரிக்கும் பகுதியில் வழிபாட்டுப் பொருள்களுக்கு இடமில்லை. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படத்தை என்ன செய்வது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பலர் பணம் கட்டிய பிறகுதான் இந்தத் தயக்கத்தில் நிற்கிறார்கள். அதே நிறுவனத்தின் பெயரில் ஹலால் அல்லாத உணவு விற்கும் வேறு கடை இருந்தால், விண்ணப்பத் தகுதியே சிக்கலாகும்.

இந்தச் சான்றிதழ் கட்டாயமல்ல. 2024இல் பன்றி இறைச்சியும் மதுவும் விற்காத கடைகளுக்கு அதைக் கட்டாயமாக்கலாமா என்ற பேச்சு எழுந்து பெரிய விவாதமானது நினைவிருக்கலாம். என்னைக் கேட்டால், அலுவலக விருந்து, பள்ளி நிகழ்ச்சி போன்ற ஆர்டர்களை எதிர்பார்ப்பவர் விண்ணப்பிக்கலாம். மாடத்தை அகற்ற மனம் ஒப்பாதவர் ‘சைவ உணவகம்’ என்ற பலகையோடு நிறைவடையலாம். சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்று நீங்களாகவே எழுதி வைக்க மட்டும் வேண்டாம். 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றமாகலாம்.