எங்கள் தெருவில் பெண்கள் அடிபடுவதைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

ராத்திரி பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கிறது, தெருவில் எல்லோரும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள், துண்டுப் பிரசுரம் அடித்து ஒரு கூட்டம் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் போடலாம், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது, கைச் சுற்றளவு பார்க்க டேப்பைக் கொண்டுபோனதும் அந்தப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மேல் கையில் நான்கு விரல் தடம். ஓரங்கள் பச்சையாக மாறத் தொடங்கியிருந்தன. "அளவு ரவிக்கை கொண்டாந்து தர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மனசு ஆறவில்லை. எங்கள் மகளிர் குழுவில் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் அவள் வீட்டுக்கே போய் அவள் புருஷனை நிற்க வைத்துக் கேட்டோம். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். காரியம் முடிந்தது என்று நிம்மதியாக வீடு திரும்பினோம். "ஊரைக் கூட்டி என் மானத்த வாங்கிட்டியா" என்று அன்று ராத்திரியே அவளுக்கு முன்பைவிட அதிகமாக விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவள் என் கடைப் பக்கம் வரவில்லை. போவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நாங்கள். அந்த வீட்டில் எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்று அவளுக்குத்தான் தெரியும். இன்று வரைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆய்வில் இந்தியா முழுக்க அடிபட்டவர்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அதனால் உங்கள் தெருவில் ஒரு பெண் வாய் திறக்கக்கூடிய ஆளாக நீங்கள் இருப்பதுதான் முதல் வேலை. அவள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்றோ, "இன்னும் ஏன் அவன்கூட இருக்கே" என்றோ சொல்லாதீர்கள். இரண்டுமே அவள் வாயை அடைத்துவிடும்.

அடுத்தது, போக வேண்டிய இடங்களை நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி புகாரை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. பாதிக்கப்பட்டவள்தான் வர வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த யாரும் அவருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 4-வது பிரிவு சொல்கிறது. (இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.) வீடு யார் பெயரில் இருந்தாலும் கணவனோடு வாழ்ந்த வீட்டில் அவள் தொடர்ந்து இருக்கலாம் என்பது 17-வது பிரிவு. இது தெரியாமல்தான் எத்தனையோ பேர் ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். ஒருமுறை ஒரு காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "சமாதானமா போய்ப் பொழைக்கிற வழியப் பாரும்மா" என்று அனுப்பப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேர் கூட இருந்ததால் மனு ரசீது வாங்காமல் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரே போதும். எங்கள் தெரு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார். அந்த மாதிரி ஓர் ஆணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஆண்கள் நாங்கள் சொன்னால் கேட்காததை அவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

சத்தம் கேட்கும் ராத்திரியில் என்ன செய்வது என்றால், சண்டைக்குப் போகாதீர்கள். கதவைத் தட்டி, "உறை மோர் இருக்கா" என்று கேளுங்கள். வெளியே ஆள் இருப்பது தெரிந்தாலே ஓங்கிய கை இறங்கிய நாட்கள் உண்டு. பெல்லை அடியுங்கள் என்று 2008-இல் 'பெல் பஜாவ்' பிரச்சாரம் நாடு முழுக்கச் சொன்னதும் இதைத்தான். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதற்கெல்லாம் நிற்காமல் அவசர உதவி எண் 112-க்குப் போன் அடித்துவிடுங்கள்.

இப்போது என் கடை அலமாரியில், துணி அடுக்குக்குப் பின்னால் ஐந்து மஞ்சப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் ஆதார், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஒரு செட் துணி, ஐந்நூறு ரூபாய். எது யாருடையது என்று எனக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு பைகள் இதுவரை அவசரத்துக்கு வெளியே போயிருக்கின்றன.

இதெல்லாம் ஓடத் தொடங்கினபிறகு பொதுவில் பேசுங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. பஸ் நிறுத்தத்துக்கு விளக்கு வேண்டும், பஞ்சாயத்துச் சுவரில் பெண்கள் உதவி எண் 181-ஐ எழுத வேண்டும் என்று போன அக்டோபர் 2-ஆம் தேதி கேட்டோம். விளக்கு வந்துவிட்டது, சுவருக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம். சிறிதாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்று சந்தேகம் வந்தால் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தலாக், வரதட்சணை விவகாரங்களைத் தீர்த்துவைத்த பள்ளிவாசல் ஜமாஅத்துகளைப் பார்த்து, பெண்ணுரிமைக்காக உழைக்கும் ஷரிஃபா கானமும் அவரோடு இருந்த பெண்களும் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை அங்கே உருவாக்கினார்கள்.

துண்டுப் பிரசுரத்துக்கு வருகிறேன். 181 என்று பெரிதாகப் போட்ட தாளை எந்தப் பெண்ணும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள், புருஷன் கண்ணில் பட்டால் அதற்கும் அடி. நாங்கள் கடைப் பெயர் போட்டு ஒரு சின்ன அட்டை அடித்தோம். ஆம்புலன்ஸ் 108, சிலிண்டர் கசிவுக்கு 1906, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று வரிசையாக இருக்கும். தைத்த ரவிக்கையை மடிக்கும்போது உள்ளே வைத்துக் கொடுக்கிறேன். ஃபிரிட்ஜ் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.