செல்லைச் சாகச் சொல்லும் கொழுப்பு: கேள்வி பதில்

கேள்வி: கொழுப்பு என்றால் சேமிப்பு, இல்லாவிட்டால் செல் சவ்வு. ஸ்பிங்கோலிப்பிடு எப்படி செல்லுக்கு உத்தரவு போடும்? பேரே விசித்திரமாக இருக்கிறதே! (உயிர்வேதியியல் மாணவி)

பேரிலிருந்தே தொடங்குகிறேன். மூளையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் பிடிபடாத புதிராக இருந்ததால், லண்டனில் இருந்த மருத்துவர் தூடிகம் 1884-இல் அதற்கு, கிரேக்கக் கதையில் விடுகதை போடும் ஸ்பிங்ஸின் பெயரை வைத்தார். அதன்பின் வெகுகாலம் அதைச் சவ்வுக்கான கட்டுமானப் பொருளாகத்தான் பார்த்தார்கள். இந்தக் கொழுப்புகளின் அடிப்படைத் துண்டான ஸ்பிங்கோசின், செல்லுக்குள் உத்தரவுகளைக் கடத்தும் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தடுக்கிறது என்று 1986-இல் ஹன்னுன், பெல் குழு காட்டிய பிறகுதான் அந்தப் பார்வை மாறியது.

கேள்வி: புற்றுநோய் விஷயத்தில் செராமைடு நல்லது, எஸ்1பி கெட்டது என்று படித்தேன். சரியா?

பாதி சரி. இரண்டும் ஒரே ஸ்பிங்கோலிப்பிடு குடும்பம். செராமைடின் கொழுப்பு அமில வாலை வெட்டினால் ஸ்பிங்கோசின். அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், அதாவது எஸ்1பி. வளர்ப்புத் தட்டில் பரந்து ஒட்டிக் கிடக்கும் புற்றுசெல்கள் மீது, உள்ளே நுழையக்கூடிய குட்டை வால் செராமைடை விட்டுப் பாருங்கள். பல வகைச் செல்கள் சுருங்கி உருண்டு, மேலெல்லாம் கொப்புளம் விட்டு, தட்டை விட்டுக் கழன்று மிதக்கும். எஸ்1பி கூடினால் நேர்மாறு: செல் பிழைக்கும், பெருகும், நகரும், புது ரத்தக்குழாய்களையும் வரவழைக்கும். சாரா ஸ்பீகல் குழு 1996-இல் இதை ஒரு தராசாகவே விளக்கியது. பல கட்டிகளில் எஸ்1பியை உருவாக்கும் நொதியான ஸ்பிங்கோசின் கைனேஸ் 1 மிகுந்திருப்பதால் தட்டு எஸ்1பி பக்கம் சாய்கிறது.

அப்புறம் ஏன் பாதி சரி என்றேன்? வாலின் நீளமும் முக்கியம். தலை, கழுத்துப் புற்றில் 18 கார்பன் வால் கொண்ட செராமைடு செல்லைக் கொல்கிறது. 16 கார்பன் வால் கொண்டதோ வளர்ச்சிக்குத் துணைபோகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு முதலில் கேட்ட கீமோ இப்போது கேட்கவில்லை. இதனாலா?

டானோரூபிசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் செராமைடைக் கூட்டுகின்றன. சில புற்றுசெல்கள் அதன்மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டி அதன் வீரியத்தை முறித்துவிடும். ஆனால் மருந்து கேட்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. அம்மாவுக்கு இதுதான் என்று இங்கிருந்து சொல்வது தவறு. அடுத்து எந்த மருந்து, ஏன் அது என்று அவருடைய மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: செராமைடு க்ரீம் பூசினால் புற்றுநோய் தடுக்கப்படுமா?

இல்லை. அது தோலின் மேலடுக்கில் ஈரம் காக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மருந்தாக எதுவும் வந்திருக்கிறதா?

ஸ்பிங்கோசின் கைனேஸ் தடுப்பான்கள் இன்னும் சோதனையில்தான். கைக்கு வந்தது வேறொரு வழி: குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா செல்களின் மேல் ஜிடி2 என்ற சர்க்கரை ஒட்டிய ஸ்பிங்கோலிப்பிடு நிறைந்திருக்கும். அதைக் குறிவைக்கும் டினுடக்சிமாப் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலி நரம்புகளிலும் ஜிடி2 இருப்பதால், மருந்து ஏறும்போது பிள்ளைகள் கடுமையாக வலியில் துடிப்பார்கள். அதனால் கூடவே மார்பின் போன்ற வலிநீக்கியும் ஏற்றுகிறார்கள்.