கோட்டோரில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சொகுசுக் கப்பல் மொண்டெனேக்ரோ நாட்டின் கோட்டோர் துறைமுகத்துக்குக் காலை எட்டு மணிக்கு வந்து பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படுகிறது. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சேர வேண்டுமா, நாங்களே சுற்றிப் பார்க்க முடியுமா?

பதில்: நீங்களே பார்க்கலாம், அதுவே நல்லது என்பது என் கருத்து. ஏட்ரியாட்டிக் கடற்கரையின் பல துறைமுகங்களில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பழைய நகரத்துக்குப் பேருந்தில் செல்ல வேண்டியிருக்கும். கோட்டோரிலோ, கப்பல்துறையை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் மதிலின் கடல் வாயில் எதிரே நிற்கிறது. துறையில் இடமில்லாவிட்டால் கப்பல் விரிகுடாவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்பும். படகுக்கான வரிசை அன்று உங்கள் நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், முதல் படகுகளில் ஒன்றைப் பிடிக்கப் பாருங்கள். திரும்பும்போது மூன்று மணியை மறந்துவிட்டு, எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்ட நேரத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பல் உள்ளே நுழையும்போதே மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்கிறார்களே, அதிகாலையில் எழுந்து பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: என்னைக் கேட்டால், பயணத்தின் பாதிப் பயன் அந்த நுழைவில்தான் இருக்கிறது. திறந்த கடலிலிருந்து கோட்டோரை அடைய, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த விரிகுடாக்களின் வழியே கப்பல் மெதுவாக ஊர்ந்து வர வேண்டும். வெரிகே என்னும் நீரிணையில் இரு கரைகளும் சுமார் 340 மீட்டர் தூரத்துக்கு நெருங்கிவிடுகின்றன. அதைத் தாண்டியதும் பெராஸ்ட் என்ற சிற்றூரும் அதன் முன்னுள்ள இரண்டு குட்டித் தீவுகளும் நேர் எதிரே தோன்றும். கப்பல் வலப்புறம் திரும்புவதால், தீவுகளைப் பார்க்க இடப்பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். விளம்பரங்கள் இதை நார்வேயின் ஃபியோர்டுகளோடு சேர்த்துப் பேசுகின்றன; அது சரியன்று. ஃபியோர்டு பனியாறு குடைந்த பள்ளம். இது கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு.

கேள்வி: மலைமேல் உள்ள கோட்டைக்கு ஏற வேண்டுமா? எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு.

பதில்: புனித யோவான் கோட்டை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, படிகள் சுமார் 1350. படிகள் சீராக இல்லை, பல இடங்களில் கல் தேய்ந்து வழுக்கும், இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. ஆகவே நீங்கள் உச்சிவரை செல்ல வேண்டாம். வழியில், கொள்ளைநோயிலிருந்து தப்பியவர்கள் 1518-இல் கட்டிய நோய் தீர்க்கும் அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள், மணிக்கூண்டுகள், விரிகுடா என்று படங்களில் காணும் காட்சி அங்கேயே கிடைத்துவிடும். முழுவதும் ஏறுகிறவர்கள் கப்பலிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக ஏறிவிட வேண்டும். மலை நகருக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் சரிவு நிழலில் இருக்கும், நண்பகலுக்குப் பின் கல் கொதிக்கும். நுழைவுக் கட்டணம் உண்டு. மொண்டெனேக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் அங்கே புழங்கும் நாணயம் யூரோதான். கொஞ்சம் சில்லறையாக வைத்திருங்கள்.

கேள்வி: மதிலுக்குள் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எவற்றைத் தவறவிடக் கூடாது?

பதில்: கடல் வாயிலிலேயே தொடங்குங்கள். 1555-இல் கட்டப்பட்ட அந்த வாயிலில் 21 நவம்பர் 1944 என்ற தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நகரம் விடுதலை பெற்ற நாள் அது. 1420 முதல் 1797 வரை இங்கே ஆண்ட வெனிஸ் குடியரசின் அடையாளமான சிறகு முளைத்த சிங்கத்தையும் அங்கே காணலாம். உள்ளே நுழைந்தால் ஆயுதச் சதுக்கம், 1602-ஆம் ஆண்டின் மணிக்கூண்டு, அதன் அடியில் குற்றவாளிகளைக் கட்டிவைத்து ஊரார் முன் நிறுத்திய கல். பிறகு புனித டிரைஃபன் பேராலயத்துக்குச் செல்லுங்கள். 1166-இல் திருநிலைப்படுத்தப்பட்ட இந்த ஆலயத்தின் முகப்புக் கோபுரங்கள் 1667 நிலநடுக்கத்தில் சேதமடைந்து பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டவை; இரண்டும் ஒன்றுபோல இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1195-இல் எழுந்த புனித லூக்கா ஆலயம். அளவில் மிகச் சிறியது; பலர் வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே கத்தோலிக்கப் பீடம் ஒன்று, ஆர்த்தடாக்ஸ் பீடம் ஒன்று என இரண்டு இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இரு பிரிவினரும் இதே கூரையின்கீழ் வழிபட்டார்கள். தரையில் நீங்கள் மிதிப்பவை கல்லறைக் கற்கள். 15 ஏப்ரல் 1979 அன்று நிலநடுக்கம் கோட்டோரை உலுக்கி, பெரும்பாலான கட்டடங்களைச் சேதப்படுத்தியது. யுனெஸ்கோ அதே ஆண்டில் இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது; இரண்டாவது பட்டியலிலிருந்து 2003-இல்தான் நீங்கியது.

சந்துகளில் வழி தவறினாலும் கவலை வேண்டாம். ஊர் அவ்வளவு சிறியது.

கேள்வி: பெராஸ்ட் தீவுக்கும் போய்வர நேரம் இருக்குமா?

பதில்: ஏழு மணி நேரம் இருந்தால், கோட்டை உச்சியை விட்டுவிட்டுப் போகலாம். கோட்டோரிலிருந்து பெராஸ்ட் சுமார் 12 கிலோமீட்டர். கோடையில் கரையோரச் சாலை நெரிசலில் திணறும் என்பதால், திரும்பும் வழிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். தீவுகளில் ஒன்று இயற்கையானது. பாறைகளின் அன்னை ஆலயம் நிற்கும் மற்றொன்று, மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கல் கொட்டியும் பழைய கப்பல்களை மூழ்கடித்தும் உருவாக்கியது. 1452-இல் அங்கிருந்த பாறையில் அன்னையின் படம் கண்டெடுக்கப்பட்டது என்பது அவர்களுடைய நம்பிக்கை. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று படகுகளில் வரிசையாகச் சென்று கல் போடுகிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்துச் சுட்ட புரெக் என்னும் மெல்லிய மாவு அடுக்குப் பண்டம், ரொட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே இறைச்சி இல்லை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா வைத்திருக்கிறோம். அது போதுமா?

பதில்: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்ல உதவும் ஷெங்கன் பகுதிக்குள் மொண்டெனேக்ரோ இல்லை; குரோவாசியா 2023 முதல் உள்ளே இருக்கிறது. இத்தாலியில் ஏறி, கோட்டோரைத் தொட்டு, மறுநாள் குரோவாசியாவில் இறங்கும் பயணத்தில் நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவுக்கே விண்ணப்பியுங்கள். கோட்டோரில் இறங்குவதற்கான நிபந்தனைகளைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.