ஒரே பெயரில் தந்தையும் மகனும்: மான்ட்ஃபோர்ட் வம்சாவளியை எப்படி வரைவது?

கேள்வி: கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்காகப் பிரெஞ்சுப் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் வம்சாவளியைத் தயாரிக்கிறேன். அவர் இறந்தது 1218 என்கிறது ஒரு நூல். 1265 என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஒருவர் தந்தை, மற்றவர் மகன். பாரிஸுக்கு மேற்கே உள்ள மோன்ஃபோர்-லமோரி இவர்களின் பூர்வீகம். சைமன், அமோரி என்ற இரு பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்த குடும்பம் இது. கூடவே வரும் எண்ணையும் நம்பாதீர்கள்; அது பிற்காலத்தவர் இட்டது. தந்தையைச் சிலர் 4ஆம் சைமன் என்பார்கள், சிலர் 5ஆம் சைமன் என்பார்கள். எண்ணை விட்டுவிட்டு, இறந்த ஆண்டையும் தாயின் பெயரையும் எழுதுங்கள்.

தாயின் பெயரை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. தென் பிரான்சில் கத்தார்களுக்கு (திருச்சபை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) எதிரான சிலுவைப் போரை நடத்தி, 1218 ஜூன் 25 அன்று துலூஸ் முற்றுகையில் கல் தாக்கி இறந்தவர் தந்தை சைமன். அவருடைய தாய் அமிசியா. அமிசியாவின் சகோதரர், லெஸ்டர் பிரபு ராபர்ட், 1204இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அவருடைய இங்கிலாந்துச் சொத்தில் அமிசியாவுக்குப் பங்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தின் ஜான் மன்னர் அந்த நிலங்களைப் பறித்துக்கொண்டார். தந்தைக்குப்பின் மூத்த மகன் அமோரி பிரெஞ்சு மன்னரின் ஆளாகவே இருந்ததால், இங்கிலாந்தில் உரிமை கோர வழியில்லை. அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். 1231இல் அந்த நிலங்களைப் பெற்ற தம்பிதான் உங்கள் இரண்டாவது சைமன். 1238இல் 3ஆம் ஹென்றி மன்னரின் தங்கை எலினோரை மணந்தார்; பிறகு அதே மன்னரை எதிர்த்து, 1265 ஜனவரியில் நகரப் பிரதிநிதிகளையும் அழைத்து நாடாளுமன்றம் கூட்டினார்; ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாம் போரில் மாண்டார். மூத்த மகன் ஹென்றியும் அங்கேயே விழுந்தார். மகள் எலினோர் வேல்ஸ் இளவரசர் லூவெலினை மணந்து, 1282இல் பிரசவத்தில் இறந்தார்.

பிரான்சில் இருந்த அமோரியின் கிளையை மறந்துவிடாதீர்கள். அவருடைய மகன் ஜான் 1249இல் இறந்தபின், ஜானின் மகள் பியாட்ரிஸுக்குப் பட்டம் போனது. அவருக்குப்பின் அவர் மகள் யோலாந்துக்கு. யோலாந்தின் மகன்தான் 1341இல் பிரிட்டனிக்கு (இன்றைய வடமேற்குப் பிரான்சில் இருந்த கோமகன் நாடு) உரிமை கோரிப் போரிட்ட ஜான் டி மான்ட்ஃபோர்ட். பெயரைப் பார்த்து அவரைத் தந்தைவழிக் கோட்டில் சேர்ப்பது நான் அடிக்கடி காணும் பிழை. அவருடைய தந்தை பிரிட்டனி கோமகன் 2ஆம் ஆர்தர். மான்ட்ஃபோர்ட் என்ற பெயர் அவருக்குத் தாய் கொடுத்தது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பியாட்ரிஸ், யோலாந்து வழியாகவே இழுங்கள்.