ரிப்போர்ட் பாஸ், விண்ணப்பம் ஃபெயில்!

கேள்வி: எங்கள் பட்டறையில் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். சின்னதாக ஒரு கேன்டீனும் உண்டு. பொதுக் குடிநீர் இணைப்பு இந்தப் பக்கம் வரவில்லை, சொந்த போர்வெல்தான். அந்தத் தண்ணீரைக் குடிநீராகப் பயன்படுத்த அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தும் ‘விவரம் போதாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆர்ஓ மெஷின் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்கிறார் மெஷின் விற்பவர். வாங்கிவிடவா? பக்கத்துப் பட்டறைக்காரர் வேறு எங்களிடமிருந்து ஒரு லைன் கேட்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மெஷினுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? இல்லையென்றால் நல்லது. அவரைக் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ரிப்போர்ட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு அந்த பாட்டிலில் இருந்த தண்ணீர் நன்றாக இருந்தது. அதிகாரிக்குத் தெரிய வேண்டியது வேறு. முதல் மழை பெய்த மறுநாளும், பம்ப் பழுதாகிச் சரிசெய்த அன்றும், நீங்கள் ஊரில் இல்லாதபோதும் அதே தண்ணீர்தான் குழாயில் வருமா? கடைசியில் வரும் நீரைச் சோதிப்பது மட்டும் போதாது, நீர் கிடைக்கும் இடத்திலிருந்து குடிக்கும் குழாய் வரை எங்கெங்கே கெடலாம் என்று பார்த்து ஒவ்வொரு இடத்தையும் காக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தன் குடிநீர் வழிகாட்டியின் 2004-ம் ஆண்டுப் பதிப்பிலேயே வலியுறுத்தியது. நீங்கள் கேட்கும் அனுமதி தண்ணீருக்கு அல்ல, அந்த மொத்த ஏற்பாட்டுக்கும்தான்.

அதனால் முதலில் போர்வெல் பக்கம் போய் நில்லுங்கள். கேசிங் பைப் (போர்வெல் துளைக்குள் இறக்கியிருக்கும் வெளிக்குழாய்) தரைக்கு மேல் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, மூடி இறுக்கமாக இருக்கிறதா? பைப்பைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளத்தில் விரிசல் இருந்தால், தரையில் ஓடும் அழுக்குத் தண்ணீர் அது வழியாகவே உள்ளே இறங்கிவிடும். செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 15 முதல் 30 மீட்டர் வரை இடைவெளி கேட்கும் விதிகள் பல இடங்களில் உண்டு. உங்கள் விதி என்ன என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மேல்தொட்டி. மூடி இருந்தும் ஓவர்ஃப்ளோ பைப்பில் வலை இல்லாமல் எத்தனை தொட்டிகள்! பல்லிக்கும் பூச்சிக்கும் அந்த வழி தாராளம்.

அடுத்தது சாம்பிள். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. லேப் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலைக் கழுவக் கூடாது. அதில் சிட்டிகை அளவு இருக்கும் தூள், தண்ணீரிலுள்ள குளோரினை முறிப்பதற்கு. அது இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் லேப் போய்ச் சேர்வதற்குள் குளோரின் அதைக் கொன்றுவிடும், ரிப்போர்ட் பொய்யாக நல்லபடி வரும். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி, முனையைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் போனால் கிருமிச் சோதனைக்கு அந்த சாம்பிள் உதவாது. போர்வெல் தண்ணீர் வெளியே வரும் இடத்திலேயே ஒன்று, கேன்டீன் குழாயில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எடுங்கள். முதலாவது பாஸாகி இரண்டாவது ஃபெயிலானால், கோளாறு தொட்டியிலோ பைப்பிலோ என்று தெரிந்துவிடும்.

எதைச் சோதிக்கச் சொல்வது? மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதோடு நைட்ரேட் (லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்), ஃபுளோரைடு (1.5), ஆர்சனிக் (0.01). இவை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள். உங்கள் நாட்டின் வரம்பு இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

இந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் மெஷின் பேச்சு. கிருமி மட்டுமே பிரச்சினை என்றால் குளோரினோ யூவியோ (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் விளக்கு) போதும். நைட்ரேட் அதிகமென்றால் இரண்டும் பயன்படாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும். அங்கேதான் ஆர்ஓ கைகொடுக்கும். இரும்புச்சத்து அதிகமுள்ள நீரில் யூவி விளக்கின் கண்ணாடி உறையில் செம்பழுப்புக் கறை படிந்து, ஒளி தண்ணீருக்குள் போகாது. முதலில் இரும்பை எடுத்தாக வேண்டும். யூவி, ஆர்ஓ இரண்டுக்கும் பிறகு தொட்டியில் தேங்கும் நீரைக் காக்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பதையும் விற்பவர் சொல்லியிருக்க மாட்டார். குளோரின் என்றால் கலந்து 30 நிமிடமாவது கழித்தே குழாய்க்கு விட வேண்டும், கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும். ஆர்ஓ வாங்குவதானால் அது வெளியே தள்ளும் உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கும் விண்ணப்பத்தில் பதில் வேண்டும். அதற்கே தனி அனுமதி கேட்கும் இடங்கள் உண்டு.

காகிதம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. போர்வெல் முதல் கேன்டீன் குழாய் வரை ஒரே தாளில் வரைபடம், இரண்டு ரிப்போர்ட், குளோரினைத் தினமும் யார் பார்த்து எந்த நோட்டில் எழுதுவார் என்பது, சோதனை ஃபெயிலானால் எந்த வால்வை மூடி, அன்றைக்குத் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்பது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், உங்கள் விண்ணப்பமும் அதில்தான் மாட்டியிருக்கும் என்று தோன்றுகிறது. நிலத்தடி நீரை எடுக்க வாங்கும் அனுமதி வேறு, அதைக் குடிக்கக் கொடுக்க வாங்கும் அனுமதி வேறு. முதலாவது கையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திருத்திய விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன்பே வரைபடத்தோடு போய் அதிகாரியை நேரில் பாருங்கள்.

பக்கத்துப் பட்டறைக்கு லைன் வேண்டாம், இப்போதைக்கு. எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதை வைத்தே பல நாடுகளில் சட்டப் பிரிவு மாறுகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 60 நாளாவது 25 பேருக்குத் தண்ணீர் கொடுத்தால் உங்கள் சொந்தக் கிணறும் பொதுக் குடிநீர் அமைப்பு என்ற கணக்கில் வந்துவிடும். உங்கள் முப்பது பேரே அங்கே அந்த எல்லையைத் தாண்டியவர்கள். வெளியாருக்கும் கொடுக்க ஆரம்பித்தால், காசு வாங்காவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். அவரையும் சொந்தமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே லேபில் சோதனை கொடுத்துச் செலவைப் பேசிக் குறைக்கலாம்.