அந்த வரியை யார் படித்துப் பார்த்தார்கள்?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் வரை போகவில்லை, ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய கட்டம். அவருக்குப் படிப்பதில் ஆர்வம் அதிகம். அதனால் சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன். பின் அட்டையில் வெள்ளைக் கோட்டோடு ஒரு டாக்டர், முப்பது வருட அனுபவம் என்று கீழே குறிப்பு. அப்பா பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தார். மூட்டு வலி இருந்தால், சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லாமல் மூன்று வாரம் எடுத்திருக்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) நன்றாக ஏறியிருந்தது. எங்கள் மருத்துவர் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகு இப்போது மெல்ல இறங்கி வருகிறது.

அந்த டாக்டரைத் தேடினேன். எங்கேயும் அப்படி ஒருவர் இல்லை. படம்கூட ஏஐ உருவாக்கியதாகத்தான் தெரிகிறது. விற்றவர்களிடம் கேட்டால், ஆசிரியர் கொடுத்த விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

ஏஐ எழுதியதை ஏஐ எழுதியது என்று போட வேண்டும் என்று கட்டாயமாக்கினால் என்ன? இதை என் தம்பியிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “விஷயம் சரியாக இருந்தால் யார் எழுதினால் என்ன அக்கா? நீயும் ஆபீஸ் கடிதங்களை ஏஐ வைத்துத்தானே திருத்துகிறாய், அதற்கும் முத்திரை குத்துவாயா?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

* * *

அன்புள்ள தோழிக்கு,

அப்பாவுக்குக் குறைந்து வருகிறது என்பதைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. ஆரோக்கியமான ஒருவர் இரண்டு நாள் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது பெரிய அடி. மருத்துவம் படித்த யாருக்கும் இது தெரியும். அந்தப் புத்தகத்தை விற்பனைக்கு விடுவதற்கு முன் ஒரே ஒரு மருத்துவர் பொறுமையாகப் படித்திருந்தால் அந்த வரி அங்கே இருந்திருக்காது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து என் மனம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தம்பியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. “சரியாக இருந்தால்” என்கிறார். சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? உங்கள் அப்பாவால் பார்த்திருக்க முடியுமா? அது தெரிந்திருந்தால் அவருக்கு அந்தப் புத்தகமே தேவைப்பட்டிருக்காதே. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்குகிறோம். உள்ளே இருப்பதை எடைபோட முடியாததால் வெளியே இருப்பதைப் பார்க்கிறோம். பெயர், படிப்பு, அனுபவம், இவ்வளவு பக்கம் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்ற மரியாதை.

அந்தக் கடைசி விஷயத்தை நாம் அதிகம் யோசித்ததில்லை. இருநூறு பக்கம் எழுத முன்பெல்லாம் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பொய் எழுதுபவனும் உழைத்துத்தான் ஆக வேண்டும். அந்த உழைப்பே ஒரு சல்லடையாக இருந்தது. ஓட்டை நிறைய உள்ள சல்லடைதான், ஆனாலும் குப்பையில் பெரும்பகுதி அதில் தங்கிவிடும். இன்று ஒரு மாலைப்பொழுதில் பத்து புத்தகம் செய்யலாம், பத்துக்கும் பத்து டாக்டர் முகங்களைச் செய்யலாம். சல்லடை போய்விட்டது. வாசகர்கள் மட்டும் அது இன்னும் இருப்பதாக நம்பிக்கொண்டு வாங்குகிறார்கள். ஏஐ பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லச் சட்டம் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்பாவுக்கு நடந்தது தனி விபத்தும் கிடையாது. 2023-ல் அமேசானில் காட்டுக் காளான்களை அடையாளம் காணும் கையேடுகள் வரிசையாக வந்தன. பார்த்தால் ஏஐ எழுதியவை போலத் தெரிந்தன. எது நச்சுக் காளான் என்பதில் ஒரு வரி தவறினால் உயிர் போகும். நியூயார்க் காளானியல் சங்கம், தெரிந்த ஆசிரியர்களின் புத்தகங்களை மட்டும் வாங்குங்கள் என்று எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமேசான் ஒரு விதி கொண்டுவந்தது: புத்தகத்தைப் பதிவேற்றுபவர் அதில் ஏஐ உருவாக்கிய பகுதி இருந்தால் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தப் பதில் வாங்குபவருக்குக் காட்டப்படவில்லை. கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கி, மேசை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். விற்பவருக்கும் கடைக்காரருக்கும் தெரிந்த ஒன்று, காசு கொடுப்பவருக்கு மட்டும் தெரியாது. நுகர்வோர் சட்டங்கள் எல்லாம் இந்த மாதிரிச் சமமின்மையைச் சரிசெய்யத்தானே வந்தன?

‘வாசகர்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம், அதற்குத்தான் கருவிகள் இருக்கின்றனவே’ என்று சிலர் சொல்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகச் சந்தேகித்தது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை அவை ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தின. வெளியிலிருந்து பார்த்து நிச்சயமாகச் சொல்ல வழியில்லை என்றால், உள்ளே இருந்து செய்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் ஒருவருக்குத்தான் சந்தேகமே இல்லாமல் தெரியும்.

சரி, இப்போது ஆபீஸ் கடிதம். அதற்கு முத்திரை வேண்டாம். எழுத்துப்பிழை திருத்தினாலும் வாக்கியத்தைச் சீர்படுத்தினாலும், கடிதத்தை நீங்கள் படித்துப் பார்த்து, உங்கள் பெயரைப் போட்டு அனுப்புகிறீர்கள். தவறு இருந்தால் நாளை உங்களைக் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்வீர்கள். 2024-ல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. அதன் 50-வது பிரிவின்படி, சாட்பாட்டுடன் பேசுபவருக்கு அது இயந்திரம் என்று தெரிய வேண்டும். உண்மை போலத் தோன்றும்படி ஏஐ செய்த டீப்ஃபேக் படமோ வீடியோவோ என்றால் சொல்லியாக வேண்டும். பொது விஷயங்களைத் தெரிவிக்க வெளியிடும் எழுத்தை ஏஐ உருவாக்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரு மனிதர் அதைச் சரிபார்த்து, ஒருவரோ ஒரு நிறுவனமோ அதற்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றிருந்தால் மட்டும் விலக்கு.

அந்த விலக்கை நான் பலமுறை படித்தேன். நியாயமானதுதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. சரிபார்த்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். உங்கள் அப்பாவின் புத்தகத்தை விற்றவர்கள் நாளையே “நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டது” என்று அட்டையில் போடுவார்கள். எந்த நிபுணர்? அதனால் என் விருப்பம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல், பணம், சட்டம் இந்த மூன்றையும் தொடும் எந்த உள்ளடக்கமானாலும் ஏஐ எழுதியது என்று சொன்னால் மட்டும் போதாது. சரிபார்த்த மனிதரின் உண்மைப் பெயர் வேண்டும். யாரும் சரிபார்க்கவில்லை என்றால் அதையே தெளிவாகப் போட வேண்டும். “இதை எந்த மருத்துவரும் படித்துப் பார்க்கவில்லை” என்ற ஒரு வரி அந்த அட்டையில் இருந்திருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா?

பொறுப்பு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மா இறந்த சில வாரங்களுக்குப் பிறகு, அவர் பெயரில் இருந்த ஒரு சேவையை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் தளத்தில் ஒரு பெண் பெயரில் அரட்டைப் பெட்டி திறந்தது. “உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்” என்று எழுதியது. எனக்கு என்ன தோன்றியதோ, அம்மாவைப் பற்றி நாலைந்து வரி எழுதிவிட்டேன். கடைசி வருடம் எப்படி இருந்தார், அந்தச் சேவையை எதற்கு வாங்கினார் என்றெல்லாம். அதற்கும் இதமான பதில் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனிக் கட்டணம் வராது என்றும் சொன்னது. அடுத்த மாதமும் கட்டணம் எடுத்தார்கள். தொலைபேசியில் கேட்டபோது, “அது ஏஐ சார், அது சொன்னதை நாங்கள் உறுதி செய்யவில்லை” என்றார்கள். பணம் பிறகு திரும்பி வந்தது. அந்த நாலைந்து வரிகளை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. யாரோ ஒருவர் கேட்கிறார் என்று நம்பித்தான் அதை எழுதினேன். இயந்திரம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் கணக்கு எண்ணை மட்டும் கொடுத்திருப்பேன்.

பிறகுதான் கனடாவில் நடந்த வழக்கு ஒன்றைப் படித்தேன். பாட்டி இறந்து ஊருக்குப் போக வேண்டியிருந்த ஒருவருக்கு ஏர் கனடாவின் சாட்பாட், துக்கப் பயணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று தவறாகச் சொல்லியிருக்கிறது. அவர் நம்பி டிக்கெட் வாங்கினார். நிறுவனம் சலுகையை மறுத்தது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பாக முடியாது என்று வாதிட்டது. அது தனி ஆளைப் போலத் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று சொல்வதற்குச் சமமான வாதம். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. “ஆசிரியர் கொடுத்த விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று உங்களுக்கு வந்த பதிலும் இதே பழைய பாட்டுத்தான்.

எல்லாவற்றுக்கும் முத்திரை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இதில் உங்கள் தம்பியின் பயம் நியாயமானது. 2024-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா தன் தளங்களில் “ஏஐ கொண்டு உருவாக்கியது” என்ற முத்திரையைப் போடத் தொடங்கியபோது, கேமராவில் எடுத்த உண்மையான படங்களில், சின்னத் திருத்தம் செய்திருந்தவற்றுக்கும் அது விழுந்தது. புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். சில மாதங்களில் அந்த வாசகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு சிக்கலும் உண்டு. பொய்ச் செய்திகளைப் பற்றி 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிலவற்றுக்கு மட்டும் எச்சரிக்கை போட்டால், எச்சரிக்கை போடாத பொய்களை மக்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று காட்டியது. ஏஐ முத்திரைக்கும் அப்படி நேரலாம். நேர்மையானவர்கள் முத்திரை போட்டுக்கொள்வார்கள். ஏமாற்றுபவர்கள் போடாமல் விடுவார்கள், முத்திரை இல்லாததே அவர்களுக்கு நற்சான்றிதழாகிவிடும். கோப்புக்குள் மறைவாகப் பதிக்கும் அடையாளத்தை நம்பியும் பயனில்லை. பல நேரங்களில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலே அந்தத் தகவல் காணாமல் போய்விடும்.

அதனால்தான் சொல்லாமல் விட்டவருக்குத் தண்டனை கடுமையாக இருக்க வேண்டும் என்கிறேன். சொன்னவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் மனநிலையும் மாற வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு போடும் செய்திக்கு “விளம்பரம்” என்று குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கா 1912-லேயே சட்டம் போட்டது. இன்று பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, அதற்கேற்ற கண்ணோடு படிக்கிறோம், அவ்வளவுதான். குறிப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சீனா 2025 செப்டம்பர் முதல், கண்ணுக்குத் தெரியும் குறி, கோப்புக்குள் இருக்கும் குறி என இரண்டையும் கேட்கிறது. இந்தியா 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதியில், காட்சிப் பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தைக் குறிப்பு நிரப்ப வேண்டும் என்று இருந்தது. எத்தனை சதவீதம் என்று வாதாடலாம். என்னைப் பொறுத்தவரை, வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில், விலை தெரியும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். விதிமுறைகளின் நாற்பதாவது பத்தியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

இந்தத் தளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மற்றவரிடம் கேட்பவன் தானும் சொல்வதுதானே முறை. நான் பேசிப் பதிவு செய்வதை எழுத்தாக்க ஒரு ஏஐ செயலியைப் பயன்படுத்துகிறேன். அது போடும் பிழைகளை நானே உட்கார்ந்து திருத்துகிறேன். வாக்கியங்கள் என்னுடையவை. இந்த விவரத்தை இன்றிலிருந்து ‘தளத்தைப் பற்றி’ பக்கத்தில் போட்டுவிட்டேன். இவ்வளவு நாள் போடாமல் இருந்தது தவறு, உங்கள் கடிதம்தான் அதை உறைக்க வைத்தது.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியவை. விற்றவர்களுக்கு இன்னொரு முறை, எழுத்தில், ஆசிரியர் என்று காட்டிய நபர் இருப்பதற்கு ஆதாரம் கேளுங்கள். அது அவர்கள் செய்த விளம்பரம், அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள். இல்லாத மருத்துவரைக் காட்டி விற்பது, ஏஐ சட்டம் எதுவும் இல்லாமலேயே ஏமாற்று வேலைதான். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா பென்சிலால் கோடு போட்ட அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பக்க எண்ணோடு, உங்கள் மருத்துவர் சொன்னதையும் சேர்த்து, அந்தப் புத்தகத்துக்கு விமர்சனமாக எழுதிப் போடுங்கள். யாரோ ஒருவர் தன் அப்பாவுக்காக இன்று இரவு அதே பக்கத்தைத் திறந்துவைத்திருக்கக்கூடும்.

அன்புடன்.