நாத்திகமா, தெரியாது என்பதா, அக்கறையே இல்லையா: அம்மாவிடம் என்ன சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே திராவிடர் கழகத்துக்காரர், சாமி இல்லை என்று அடித்துச் சொல்பவர். அண்ணன் பல்கலைக்கழகம் போய் வந்த பிறகு, ‘இருந்தாலும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்’ என்கிறாராம். வாசகருக்கு இந்தப் பேச்சிலேயே நாட்டமில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டால் அந்த நினைப்பே வராது. அம்மாவோ மூன்று பேரையும் சேர்த்து ‘நாத்திகக் கூட்டம்’ என்று சொல்லி அழுகிறார். இந்த ஆடித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். போதாக்குறைக்கு, மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கும் பாரத்தில் சமயம் என்று ஒரு கட்டம். ‘இதில் நான் யார், அம்மாவிடம் என்ன சொல்வது, பாரத்தில் என்ன எழுதுவது?’ என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் வீட்டில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கடவுள் இருப்பதாக நம்புகிறாயா என்பது ஒன்று. அதை மனிதரால் அறிய முடியுமா என்பது இன்னொன்று. இந்த விஷயம் உன் வாழ்க்கைக்கு முக்கியமா என்பது மூன்றாவது. அப்பா முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், அண்ணன் இரண்டாவதற்கு, நீங்கள் மூன்றாவதற்கு. அதனால்தான் எவ்வளவு பேசினாலும் உங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிவதில்லை.

அப்பாவின் நிலை நாத்திகம். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து போன பிறகு சுயமரியாதைப் பேச்சு தோட்டங்களிலும் பரவியது. சாதி, சடங்கு, கோயில் முதல் மரியாதை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது கேள்வி கேட்டது. ஆனால் இந்த எண்ணமே அப்போதுதான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிமேகலையில், சமயவாதிகளிடம் அவள் கேட்டறியும் காதையில், நிலம், நீர் போன்ற பூதங்களால்தான் எல்லாம் ஆனது என்று சொல்லும் ஒரு பூதவாதி வருகிறான். பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் கள்ளில் போதை பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, மறுமை என்பதெல்லாம் பொய் என்று வாதிடுகிறான். மணிமேகலை அவனை ஏற்கவில்லை, ஆனாலும் அவன் வாதத்தைச் சாத்தனார் முழுசாகப் பேசவிடுகிறார், அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அண்ணனுடைய நிலைக்கு அறியவொணாமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1869-ல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் இதற்கு ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை உருவாக்கினார். போதிய சான்று இல்லாததைத் தெரியும் என்று சொல்லாதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இரண்டும் கெட்டான் நிலை என்று உங்கள் அப்பா அண்ணனைத் திட்டினால் அது நியாயமில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-வது பாடல், படைப்பு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலேயிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அண்ணன் மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும்.

இரண்டு நிலையும் ஒரே ஆளிடம் இருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1947-ல் இதைப் பற்றியே எழுதினார்: தத்துவம் படித்தவர்களிடம் பேசினால் தன்னை அறியவொணாமைக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடவுள் இல்லை என்று முடிவாக நிரூபிக்க வழியில்லை, தெருவில் போகும் சாதாரண மனிதரிடம் என்றால் நாத்திகன் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரேக்கக் கடவுள்கள் இல்லை என்றும் தன்னால் நிரூபிக்க முடியாதுதானே என்கிறார். அதே மாதிரி, தெரியாது என்று சொல்லிக்கொண்டே தினமும் விளக்கேற்றுகிறவர்களும் உண்டு.

சரி, உங்களுக்கு வருவோம். நீங்கள் சமய அக்கறை இல்லாதவர். நான் பார்த்தவரை நம் ஊர்களில் இப்படிப்பட்டவர்கள்தான் நிறைய, ஆனால் யாரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை, சொல்ல அவசியமும் வருவதில்லை. நாத்திகருக்குச் சமயம் பெரிய விஷயம், அதனால்தான் எதிர்க்கிறார். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது பாருங்கள்: அன்னதானத்துக்கு அரிசி மூட்டையை லோரியில் ஏற்றி இறக்கிவிட்டு, முனீஸ்வரன் கோயில் வேலிக்கு வெளியே கறுப்புச் சட்டையோடு நிற்கிறார் அப்பா. வருஷா வருஷம் அந்த இடத்தில் நிற்கிறவருக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? உங்களுக்கு அந்த வேலியே கண்ணில் படுவதில்லை.

அம்மாவை அதிகம் வருத்துவதும் உங்கள் நிலைதான் என்று நினைக்கிறேன். அப்பாவோடு அவர் சண்டை போட முடியும். உங்களிடம் ‘சும்மா விடுங்கம்மா’ என்று பதில் வரும்போது, சாமியை மட்டுமில்லாமல் தன்னையும் சேர்த்து ஒதுக்கிவிட்டதாக அவருக்குப் படும். அதனால் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு நம்பிக்கையும் இல்லை, பகையும் இல்லை, ஆனால் நீங்கள் முக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: இந்த வயதில் பல அம்மாக்களுக்கு உள்ளே ஓடும் பயம், எனக்குக் கொள்ளி வைத்துக் கருமாதி செய்வானா என்பதுதான். உங்கள் விருப்பப்படியே எல்லாம் செய்வேன் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். கொள்கையால் மறுக்கிறவருக்கு அது கஷ்டம், உங்களுக்கு இல்லை. அப்பாவிடமும் அவருக்கு எந்தச் சடங்கு வேண்டும், வேண்டாம் என்று கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குச் சொந்தக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பால்குடம் மட்டும் வேண்டாம். அது நேர்த்திக்கடன், விரதமிருந்து எடுப்பது. மனசில் ஒன்றுமில்லாமல் எடுத்தால் நம்பி எடுப்பவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை அதுவல்ல. பந்தல் கட்டுங்கள், அண்டா தூக்குங்கள், அம்மா பால்குடம் எடுக்கும்போது கூடவே நடந்து போங்கள்.

பாரத்தைப் பற்றி. கூட்டரசு அரசியலமைப்பின் 11-வது பிரிவு சமய சுதந்திரத்தைச் சொல்கிறது. 12-வது பிரிவின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்யலாம். (முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டமும் உண்டு, அது வேறு பேச்சு.) பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் படிப்பது நன்னெறிக் கல்விதான், அந்தக் கட்டத்தில் நீங்கள் இந்து என்று எழுதினாலும் சமயம் இல்லை என்று எழுதினாலும் மகளுக்குப் பாடம் மாறப்போவதில்லை. நம் நாட்டுக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடாக இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதை அவளும் மற்றவர்களோடு சபையில் சொல்வாள். தாத்தா வேறு மாதிரி ஏன் நினைக்கிறார் என்று வீட்டில் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். மற்றபடி, பிறந்த குடும்பத்தைக் குறிக்கும் பதிவாக அந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டு இந்து என்று எழுதுவது உங்கள் நிலைக்குப் பொய்யாகாது என்பது என் கருத்து, உங்கள் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே தம்பி. பிள்ளை அவருக்கும்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.